கண்ணாடிச் சட்டத்துக்காகப் படத்தை வெட்டாதீர்கள்

பழைய காகிதப் படங்களைச் சீர்செய்வது என் தொழில். என்னிடம் வரும் 18ஆம் நூற்றாண்டுச் செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் (தகட்டில் கோடுகளாகச் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அழுத்தி எடுத்தவை) பலவற்றில் அடி விளிம்பே இருக்காது. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று எப்போதோ யாரோ கத்தரித்திருப்பார்கள். "வெறும் வெள்ளைக் காகிதம்தானே போயிருக்கு?" என்பார்கள் கொண்டுவருபவர்கள். போனது படத்தின் பிறப்புச் சான்றிதழ்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1784 மே, ஜூன் மாதங்களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில், அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட இசையமைப்பாளர் ஹேண்டலின் நினைவாகக் கச்சேரிகள் நடந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடகர்களும் வாத்தியக்காரர்களும் கலந்துகொண்டார்கள். நுழைவுச்சீட்டு ஒரு கினி, அதாவது அக்கால ஆங்கிலப் பொற்காசு ஒன்று. வசூலில் பெரும்பகுதி நலிந்த இசைக்கலைஞர்களுக்கான சங்கத்துக்குப் போனது. இதைப் பதிவுசெய்து இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி 1785இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக எட்வர்ட் பிரான்சிஸ் பர்னி வரைய, காலியர் தகட்டில் செதுக்கிய படம் எனக்கு மிகவும் பிடித்தது. தேவாலயத்தின் மேற்குக் கோடியில் படிப்படியாக உயரும் மேடை, உச்சியில் ஆர்கன் என்ற பெரிய குழல் வாத்தியம். இசையை நடத்திய ஜோவா பேட்ஸ் எல்லோரையும் பார்க்கும்படி, ஆர்கனின் விசைப்பலகையை 19 அடி முன்னால் கொண்டுவந்து இணைத்திருந்தார்கள்.

இத்தனை விவரமும் தெரிய, கையிலிருப்பது எந்தப் படம் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது அடி விளிம்புதான். பொதுவாக இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர். வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் படத்திலேயே இருக்க வேண்டும் என்றது 1735இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். ஓவியர் ஹோகார்த்தும் கூட்டாளிகளும் கள்ளப்பதிப்புகளுக்கு எதிராகப் போராடி வாங்கியது அது. ஒரு கத்தரி வெட்டில் அவ்வளவும் போய்விடுகிறது.

விரலால் தடவாமல், அந்த எழுத்துகளுக்கு வெளியே உள்ள காகிதத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். செவ்வகமாக ஒரு பள்ளம் தெரியும். ஈரக் காகிதத்தின்மேல் தகடு அழுந்திய தடம் அது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கோடுகளில் மை லேசாக மேடு தட்டியிருக்கும். கோட்டுக்குப் பதிலாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால், பிற்காலத்தில் புகைப்படம் எடுத்து அச்சிட்டது.

அப்புறம், சட்டம் போடும்போது கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: படத்துக்கு ஏற்ற சட்டம்தான் வேண்டும், செல்லோடேப் கூடாது, அமிலமில்லாத அட்டை வேண்டும். மரப்பலகையைப் பின்னால் நேரடியாக வைத்தால் பழுப்புக் கறை ஏறும். வெயில் படும் சுவர் வேண்டாம்.

உங்கள் படம் ஏற்கெனவே வெட்டப்பட்டதுபோலத் தெரிந்தால் உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். சில சமயம் விளிம்பை வெட்டாமல் பின்பக்கம் மடித்து ஒட்டியிருப்பார்கள். அதை நீங்களே பிரித்தால் மடிப்பில் கிழியும். சட்டத்தோடு அப்படியே ஒரு சீரமைப்பாளரிடம் கொண்டுபோங்கள்.