கப்பலுக்கு முன் குறிகட்டுவான்

கனடாவிலிருந்து வரும் உறவினர் குடும்பம் முழுவதற்குமாக உல்லாசக் கப்பலில் இடம் பதிந்துவிட்ட பின்னரே, ஓட்டிசமுள்ள பிள்ளையையும் கூட்டிச் செல்லலாமா என்று பெற்றோர் எம்மிடம் கேட்க வருகின்றனர். பெரும்பாலும் செல்லலாம் என்பதே என் பதில். ஆயினும் கப்பலேறும் முதல் நாளுக்குத்தான் அதிக ஆயத்தம் வேண்டும்.

அன்றுதான் பயணிகள் அனைவருக்கும் கட்டாயமான அவசரகால ஒத்திகை நடைபெறும். 7 குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியுமாகக் கப்பலின் சங்கு ஊதப்படும். தற்போது பல கப்பல்களில் விளக்கத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குத் தனியே சென்று பதியலாம் என்றாலும் சங்கொலி இருக்கவே செய்யும். எனவே அந்த ஒலியை வீட்டில் மெதுவாகத் தொடங்கி, நாளுக்குநாள் சற்றுக் கூட்டிப் பழக்குவது நல்லது. பெட்டிகள் அறைக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், காதடைப்பான், மருந்து, பிள்ளை விட்டுப் பிரியாத பொருள் ஆகியவை கைப்பையிலேயே இருக்க வேண்டும்.

கப்பல் பயணத்தை முன்கூட்டியே பழகிப் பார்க்க எமக்கு யாழ்ப்பாணத்தின் புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் படகுத்துறை இருக்கிறது. நயினாதீவுக்குச் செல்லும் ஏறக்குறைய 20 நிமிடப் படகுப் பயணத்தில் வரிசை, நெரிசல், டீசல் மணம், இயந்திர இரைச்சல், உயிர்காப்பு அங்கி எல்லாம் அமைந்துவிடுகின்றன. அது பொறுக்குமானால், ஒரு மணி நேரம் வரை செல்லும் நெடுந்தீவுப் படகை முயலலாம். "கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்ட அம்மம்மாக்களும் உண்டு. என்னிடம் வந்த 9 வயதுச் சிறுவன் ஒருவன் இரைச்சலுக்குத்தான் மிரளுவான் என்று நாங்கள் எண்ணியிருக்க, அவனோ பிறர் அணிந்து கழற்றிய ஈர அங்கி கழுத்தில் பட்டதற்கே அலறினான். அடுத்த முறை தாயார் பழைய பருத்திச் சால்வையைக் கழுத்தில் சுற்றிய பின் அங்கியை மாட்டினார். அவன் இறங்குதுறை வரை அமைதியாக இருந்தான்.

ஓட்டிசமுள்ள பிள்ளைகள் பலர் நீரால் ஈர்க்கப்படுவர், சொல்லாமல் வெளியேறியும் விடுவர். ஆகவே பணம் கூடினாலும் பல்கனி அறைதான் வேண்டுமென்று வற்புறுத்தும் உறவினருக்கு நான் உடன்படுவதில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், சாளரமற்ற உள்ளறை ஆட்டமும் வெளிச்சமும் குறைந்தது, விலையும் மலிவு. காலநிலையால் ஒரு துறைமுகம் கைவிடப்படலாம் என்பதால், பயணத்தைப் படங்களாக ஒட்டும் அட்டையில் "இன்று கப்பலிலேயே இருப்போம்" என்ற படத்தையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.