நீரிழிவுப் பாதமா, சர்க்கரைப் புண்ணா?

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் ‘சர்க்கரைப் புண்ணுக்குக் களிம்பு உண்டு’ என்று ஒட்டியிருக்கிறார்கள். தொலைக்காட்சியிலும் கைபேசிக் காணொளிகளிலும் ஓயாமல் கேட்டு, இந்தச் சொல் கொழும்பிலும் குந்திவிட்டது. நீரிழிவால் பாதத்துக்கு வரும் கேட்டுக்கு நீரிழிவுப் பாதம் என்ற பெயர் இருக்க, இதை நான் எதிர்ப்பது தமிழ்ப்பற்றினால் மட்டுமல்ல.

நோயின் பெயர் நீரிழிவு. இழிதல் என்றால் கீழே வழிதல். மலையிலிருந்து அருவி இழிகிறது என்கிறோமே, அதே இழிதல். குருதியில் குளுக்கோசு மிஞ்சினால் சிறுநீரோடு வெளியேறும், நீரையும் இழுத்துக்கொண்டு போகும். கிரேக்கச் சொல்லான டயபிட்டிஸுக்கும் ஊடாக ஓடிப்போவது என்றுதான் பொருள். சிங்களத்தில் தியவெடியாவ, ‘திய’ என்றால் நீர். நம் பெரியவர்கள் சொன்ன சலரோகமும் அதே வழிதான்.

சரி, சர்க்கரை நோய் என்றால் என்ன குறை? இங்கே தேத்தண்ணீருக்குப் போடுவது சீனி, பொங்கலுக்குப் போடுவதுதான் சர்க்கரை. பேச்சில் ‘சீனி வருத்தம்’ என்றாலும் கோளாறு அதேதான். பெயரை நம்பி, சீனியை விட்டுவிட்டோம் என்று கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார்கள், மத்தியானம் சோற்றை மலையாகக் குவிப்பார்கள். இரண்டும் குளுக்கோசாகத்தான் குருதியில் சேரும். முதலாம் வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சதையியில் (கணையத்தில்) இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கிறது. இந்த வகை வந்த ஒரு பிள்ளையின் தாயிடம் போய்ச் ‘சர்க்கரை நோய்’ என்றால், தான் வாங்கிக் கொடுத்த டொபியால்தான் வந்தது என்று அவள் காலமெல்லாம் தன்னையே நோவாள். இரண்டாம் வகையிலும் பரம்பரை, வயிற்றுக் கொழுப்பு, உடலை அசைக்காத வாழ்க்கை எல்லாம் சேர்கின்றன. அப்புறம் டயபிட்டிஸ் இன்சிபிடஸ் என்று வேறொரு நோய் இருக்கிறது. சிறுநீர் குடம் குடமாகப் போகும், அதில் குளுக்கோசே இருக்காது. நீரிழிவு என்ற சொல் அதற்கும் பொருந்தும். சர்க்கரை எப்படிப் பொருந்தும்?

‘புண்’ இதைவிட ஆபத்தான சொல். பாதத்தின் கேடு புண்ணுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. நரம்பு கெட்டு உணர்ச்சி குறையும், குருதிக்குழாய் ஒடுங்கும். சப்பாத்துக்குள் கிடந்த சிறு கல் நாள் முழுக்க உறுத்தினாலும் தெரியாது; மாலையில் காலுறையில் ஈரத்தைக் கண்ட பிறகுதான் தெரியவரும். ஆற வேண்டிய காயம் ஆறாமல் தொற்று எலும்புவரை போய், விரலையோ காலையோ எடுக்கும் நிலை வருகிறது. கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது புண்ணே இல்லாத காலில்தான். புண் என்று பெயர் வைத்துவிட்டால், புண் வரும்வரை யார் காலைக் காட்டுவார்கள்? நீரிழிவுப் பாதம் என்று சொல்லுங்கள், முழுப் பாதமும் கணக்கில் வரும்.

துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்ப்பவர்கள் இந்த நரம்புக் கேட்டை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அதைப் படிப்பவர் சத்து மாத்திரை வாங்கத்தான் போவார். ‘கால் விறைக்கிறதா?’ என்று கேட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எல்லோருக்கும் விளங்கும். அதையே எழுதலாமே.