மாடித் தண்ணீரை நேராக போர்வெல்லுக்குள் விடாதீர்கள்

புரட்டாசி வந்தால் சென்னையில் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். நிலத்தடி நீரை ரீசார்ஜ் செய்ய, அதாவது மழைநீரை நிலத்துக்குள் சேர்க்க, மொட்டை மாடிக் குழாயை இறக்கி, போர் மூடியில் ஓட்டை போட்டு, எல்போ மாட்டி, எம்சீல் அப்பிவிட்டு பிளம்பர் போய்விடுவார். ஐப்பசியில் நல்ல மழை. கார்த்திகையில் குழாயைத் திறந்தால் டீ நிறத்தில், சேற்று நாற்றத்தோடு தண்ணீர். "மழைநீர் சுத்தமானதுதானே சார், ரீசார்ஜ்தானே பண்ணினோம்?" என்று கேட்பார்கள். இந்த வருடமும் ஆரம்பித்துவிட்டது.

மழை சுத்தம்தான். உங்கள் மாடி சுத்தமா? புறா எச்சம், காய்ந்த இலை, உரிந்த பெயின்ட், ஆறு மாதப் புழுதி. மண்ணில் ஊறி இறங்கினால் இதில் பெரும்பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். போரின் மேற்பகுதியில் கேசிங் பைப் போடுவது மண் சரியாமல் இருக்கவும், மேல்மட்ட அழுக்குத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கவும்தான். காசு கொடுத்து அதைப் போட்டுவிட்டு, அதன் தலையிலேயே ஓட்டை போடுகிறோம்.

"போர் 200 அடி ஆழம், எவ்வளவு விட்டாலும் குடிக்கும்" என்பது அடுத்த நம்பிக்கை. கணக்குப் போடுங்கள். ஆறரை அங்குல போரில் ஓர் அடிக்கு சுமார் 6.5 லிட்டர்தான் பிடிக்கும்; 100 அடிக்கு 650 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் வருகிறது. மிச்சம் எங்கே போகும்? பாறை இடுக்கு வழியாகவோ பைப்பின் துளை வழியாகவோதான் போக வேண்டும். நீங்கள் அனுப்பும் சேறு முதலில் அடைப்பது அந்த வழியைத்தான். உள்ளே விடுவதும் குறையும், மேலே எடுப்பதும் குறையும், சப்மெர்சிபிள் மோட்டாரும் தேயும்.

மாடித் தண்ணீரை விட வேண்டியது உறைக்கிணற்றில், அதாவது சிமென்ட் உறைகளை அடுக்கிய கிணற்றில். 3 அடி விட்டம், 15 அடி ஆழம். ஏறக்குறைய 3,000 லிட்டர் பிடிக்கும். உறைகளில் துளை இருக்க வேண்டும், இரண்டு உறைக்கு நடுவே சிமென்ட் பூசக் கூடாது. அடியில் கான்கிரீட் போடவே கூடாது. "நீட்டா இருக்கட்டும்" என்று அடித்தளம் போட்டுக் கொடுக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். அது தண்ணீர் தேக்கும் சம்ப், ரீசார்ஜ் கிணறு இல்லை. முழுக்க ஜல்லி கொட்டி நிரப்புவதும் வீண், பாதிக்கு மேல் கொள்ளளவு போய்விடும். 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியபோது அவசரத்துக்குத் தோண்டி, செங்கல் துண்டு போட்டு மூடிய குழிகள் பல இன்றும் அப்படியே கிடக்கின்றன. உங்கள் வீட்டுக் குழி எங்கே என்றாவது தெரியுமா?

திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் இந்த ஆழமே தாராளம். களிமண்ணாக இருந்தால் கிணற்றின் அடியிலிருந்து மணல் தட்டும்வரை ஒரு சின்ன போர் இறக்க வேண்டும். அதன் வாயில் வலை கட்டி, சுற்றிலும் கூழாங்கல். அஸ்திவாரத்திலிருந்து 5 அடியாவது தள்ளுங்கள். செப்டிக் டேங்கிலிருந்து 50 அடி இருப்பது நல்லது. அரை கிரவுண்டில் அதற்கு இடமிருக்காது, எதிர் மூலைக்காவது கொண்டுபோங்கள். கார் கழுவும் தண்ணீர் இதில் சேரவே கூடாது.

மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் ஒரு டீ ஜாயின்ட், கீழே திறந்து மூடும் எண்ட் கேப். முதல் மழைக்குத் திறந்து வையுங்கள். 1,000 சதுர அடிக்கு முதல் 100, 200 லிட்டர் வெளியே ஓடட்டும். பிறகு மூடினால் போதும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, தயவுசெய்து செய்யுங்கள். வருடா வருடம் மழைக்கு முன் வண்டல் அள்ள வேண்டும். மூடிக் கிடந்த கிணற்றில் ஆளை இறக்காதீர்கள், மேலிருந்தே அள்ளச் சொல்லுங்கள். உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம்.

ஏற்கெனவே போர் கலங்கிவிட்டதா? முதலில் அந்த எல்போவைக் கழற்றி ஓட்டையை அடையுங்கள். மோட்டாரை எடுத்துவிட்டு கம்ப்ரஸர் வைத்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். பிறகு போரில் நிற்கும் 100 அடி தண்ணீருக்கு 100 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மோட்டாரை இறக்கி, 12 மணி நேரம் கழித்து வாசனை போகும்வரை இறையுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு வேண்டாம். ஒரு வாரம் பொறுத்து லேபில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இல்லை என்று பார்த்த பிறகுதான் சமையலுக்கு எடுக்கலாம்.