போர் வீல் லைட்டை நம்பி மலை ஏறாதீர்கள்

மே மாதம் தென்மேல் பருவ மழை தொடங்கியதும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பழைய டபுள் கேப்கள் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்கள்) என் கராஜுக்கு வரத் தொடங்கும். வருடா வருடம் ஒரே கதைதான். இந்த முறை வந்த ஒரு வண்டியைப் பார்த்த பிறகு, இனியும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று தோன்றியது.

தோட்டப் பாதையில் கொழுந்து மூட்டைகளோடு, மூட்டைகளுக்கு மேல் ஆட்களும் உட்கார்ந்திருக்க, நனைந்த மண் ஏற்றம் ஒன்றில் ஏறியிருக்கிறார்கள். டிரைவர் 4எச் (நான்கு சில்லும் இழுக்கும் போர் வீல் நிலை) போட்டிருக்கிறார். டாஷ்போர்டில் லைட்டும் எரிந்திருக்கிறது. பாதி ஏற்றத்தில் பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்ற, வண்டி பின்னால் வழுக்கி, தேயிலை மேட்டில் இடித்து நின்றிருக்கிறது. மறுபக்கம் பள்ளம். யாருக்கும் பெரிதாக அடி இல்லை. "லைட் எரிஞ்சுதே பாஸ், போர் வீல் போட்டுத்தானே ஏறினேன்" என்றார் டிரைவர். அவர் பொய் சொல்லவில்லை. லைட் எரிந்தது உண்மை. முன் சில்லுகள் இழுக்கவில்லை என்பதும் உண்மை.

அந்த லைட்டுக்கான சுவிட்ச், பலத்தை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிறது. லீவர் 4எச்சுக்குப் போய்விட்டது, முன் ப்ரொப்பெல்லர் ஷாப்டுக்கு இணைப்புக் கிடைத்துவிட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். அங்கிருந்து பலத்தை இடம் வலமாகப் பிரிக்கும் டிஃபரன்ஷல், எக்ஸல், கடைசியாக சில்லின் நடுவில் இருக்கும் ஹப் வரை பலம் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. 1980கள், 90களில் வந்த நிஸான் டி21, மிட்சுபிஷி எல்200 போன்ற பிக்கப்களில் பலவற்றில் இருப்பது ஒட்டோ லொக் ஹப். கையால் திருப்பிப் பூட்டத் தேவையில்லை. எக்ஸல் சுற்றத் தொடங்கினால் தானாகவே எக்ஸலையும் சில்லையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முப்பது வருடம் ஓடிய பிறகும் அது தவறாமல் பூட்டும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. (வெக்கியூம் குழாயால் இயங்கும் ஹப் வேறு வகை. அதில் முதலில் பார்க்க வேண்டியது குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று. இங்கே நான் சொல்வது முழுக்க மெக்கானிக்கலாக இயங்கும் ஹப் பற்றி.)

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு பேச்சைக் கேட்டால்தான். "ஒரு பக்க ஹப்தானே பாஸ் போயிருக்கு, மற்றப் பக்கம் இழுக்கும்தானே? அடுத்த மாசம் பார்ப்போம்." இழுக்காது. ஒரு பக்கம் போனால் முன்பக்கம் முழுவதும் போனதுதான். முன் டிஃபரன்ஷல் சாதாரண டிஃபரன்ஷல். எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்தையே சுற்றவிடும். வலது ஹப் பூட்டவில்லை என்றால் வலது எக்ஸல் உள்ளே எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா சுற்றும். இடது ஹப் நன்றாகப் பூட்டியிருந்தாலும், மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடது சில்லைத் தள்ளும் அளவுக்கு அங்கே பலம் போகாது. உங்களிடம் இருப்பது மூன்று சில்லு வண்டி என்று நினைக்காதீர்கள், பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் வண்டி. அதுவும் முன்பக்கம் பாரம் கூடிய வண்டி. 4எல் (போர் வீலின் மெதுவான கியர்) போட்டால் சரியாகும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பூட்டாத ஹப்புக்கு எந்தக் கியரும் ஒன்றுதான். அடுத்த மாசம் வரை தள்ளிப்போடுவது என்றால், அதுவரை மண் ஏற்றத்துக்கு அந்த வண்டியை அனுப்பாதீர்கள். தயவுசெய்து.

சோதிப்பதற்கு என்னிடம் வரக்கூடத் தேவையில்லை. சமதரையில் 4எச் போட்டு நேராக முன்னோக்கி இரண்டு மூன்று மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். பின்னால் ஒரு அடிகூட உருளவிடாதீர்கள், உருண்டால் ஹப் கழன்றுவிடும். என்ஜினை நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஒரு முன் சில்லை மட்டும் ஜெக் அடித்துத் தூக்கி, முன்னோக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டால் இரண்டு ஹப்பும் பூட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால், சில்லுக்குப் பின்னால் இருக்கும் எக்ஸல் ஷாப்டைப் பாருங்கள். ஷாப்ட் அசையாமல் சில்லு மட்டும் சுற்றுகிறதா, அப்படியானால் தூக்கிய பக்கத்து ஹப் பூட்டவில்லை. ஷாப்டும் சேர்ந்து சுற்றுகிறதா, குறை எதிர்ப்பக்கத்தில். இறக்கிவிட்டு மற்றப் பக்கத்தையும் இதே மாதிரிப் பாருங்கள், இரண்டும் போயிருக்கலாம். ஜெக்கில் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையை விடாதீர்கள், ஷாப்ட் வெளியிலிருந்தே தெரியும்.

அப்புறம் கிறீஸ். ஹப் மக்கர் பண்ணினால் கழற்றி உள்ளே கிறீஸை அள்ளி அப்பி மூடிவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த வகை ஹப் பூட்டுவதே உள்ளே இருக்கும் ஒரு சின்ன பிரேக்கின் உராய்வால்தான். எக்ஸல் சுற்றும்போது அது லேசாகப் பிடித்து வைப்பதால்தான் கேம் ஏறி, ஹப்பின் உள்ளே இருக்கும் பல் வளையமான கிளச்சைத் தள்ளிப் பல்லோடு பல் கோர்க்கிறது. அந்த இடத்தில் வீல் பேரிங் கிறீஸை நிரப்பினால் பிடி எங்கே இருக்கும்? உள்ளே போகும் கிறீஸ், கம்பனி மெனுவலில் சொன்ன வகையில், சொன்ன இடத்தில், மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். போன வாரம் திறந்த ஒரு ஹப்பில் ஆற்றுத் தண்ணீரும் பழைய கிறீஸும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் இறுகிப்போயிருந்தது. கிளச்சை விரலால் தள்ளினால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளவே இல்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தால் பல் எதுவும் தேயவில்லை, நல்ல ஹப். கழுவிப் பூட்டியதும் வேலை செய்தது. கவரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பழையதையே திரும்பப் போட்டதால்தான் தண்ணீர் இறங்கியிருந்தது. இருக்கிற இடத்தில் சிலிக்கனைப் பூசுவது அதற்கு மாற்று இல்லை. பிதுங்கும் சிலிக்கன் உள்ளே போய்க் கிளச்சில் ஒட்டிக்கொள்ளும்.

வீல் பேரிங் ஆட்டம் இருந்தாலும் ஹப் கெடும். சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முதலில் பேரிங், பிறகுதான் ஹப்.

ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தை. சேற்றில் பின் சில்லுகள் சுற்றத் தொடங்கிய பிறகு 4எச் இழுக்காதீர்கள், ஹப் ஒரே அடியில் கோர்த்துப் பல் உடையும். ஏற்றத்தின் அடியிலேயே நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, போட்டுவிட்டு, மெதுவாக நகர்ந்து பூட்டவிடுங்கள். புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுப்பதும் ஒட்டோ ஹப்புக்கு ஆகாது. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது கழன்று மறுபடி பூட்டுகிறது, என்ஜின் முறுக்கும் நேரத்தில் பூட்டினால் உடைகிறது. முன்பக்கத்திலிருந்து "டக் டக்" என்று பல் தாவும் சத்தம் கேட்டால் காலை எடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் 2எச்சுக்கு (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றி, நேராக ஒன்று இரண்டு மீட்டர் ரிவர்ஸ் வாருங்கள். அப்போதுதான் ஹப் கழலும். பின்னால் பஸ் நிற்கிறது என்று இதைச் செய்யாமல் போகிறவர்கள்தான், முன்னால் ஏதோ சத்தம் வருகிறது என்று மறுநாள் என்னிடம் வருகிறார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பழைய வண்டிகளின் மதிப்பு ஏறிவிட்டது. 2025இல் இறக்குமதி திறந்தும் புது டபுள் கேப் நம் ஆட்களுக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே இவை இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒட்டோ ஹப் வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்கும் முன் கழற்றிப் பிரேக் தேய்ந்திருக்கிறதா, கிளச்சின் பல் முனைகள் உருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்குக் கையால் பூட்டும் ஹப்பே நல்லது. மழைக் காலம் முழுக்கப் பூட்டியே விட்டாலும் 2எச்சில் ஓடுவதற்குத் தடையில்லை, எரிபொருள் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், அவ்வளவுதான். சில மாடல்களில் அதற்கு உள்ளே இருக்கும் லொக் நட்டையும் வொஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். மேலே இருக்கும் கவரை மட்டும் வாங்கி வந்து பூட்டச் சொல்லாதீர்கள்.

சோதிக்காத வண்டியோடுதான் இன்றைக்கு மலை ஏற வேண்டும் என்றால், பின் தட்டில் இருப்பவர்களை இறக்கி நடக்கவிட்டு வண்டியை மட்டும் ஏற்றுங்கள். வேலை முடிந்த வண்டியை எடுக்கப் போகும்போது, நான் மேலே சொன்ன ஜெக் சோதனையை இரண்டு பக்கமும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். லைட்டைக் காட்டி "எரியுதுதானே" என்று சொல்லும் மெக்கானிக்குக் காசு கொடுக்காதீர்கள்.