ஒளிக்கூருணர்வு

சில மருந்துகள் உடம்பில் இருக்கும்போது, வழக்கமாகத் தாங்கும் வெயிலையே தோல் தாங்காது. சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளம் போடும். மருத்துவத்தில் இதற்கு 'போட்டோசென்சிட்டிவிட்டி' என்று பெயர். முன்பாதி ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பின்பாதி 'உணர்' என்று பொருள்படும் இலத்தீன் வினையில் பிறந்தது. தமிழில் 'ஒளி உணர்திறன்' என்றும் எழுதுகிறார்கள். திறன் என்றதும் நல்ல ஆற்றல்போலத் தொனிக்கிறது. அதனால் 'ஒளிக்கூருணர்வு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இதை யாரும் மருந்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "உடம்பு சூடு, இளநீர் குடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எனக்குக் கவலை அங்கேதான். காரணம் சூடு இல்லை, ஒளி. குறிப்பாக 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள 'ஏ' வகைப் புற ஊதாக் கதிர். அது மேகத்தைத் தாண்டி வரும், வண்டியின் பக்கக் கண்ணாடியையும் தாண்டி வரும். மப்பான நாளில்கூட எரியலாம்.

செம்பனைக் குலை வெட்டுபவரின் கையைப் பாருங்கள். சட்டைக் கை முடியும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் சிவப்பு தொடங்கும். முகமும் கழுத்தின் முன்பக்கமும் சிவந்திருக்க, தாடைக்கு அடியில் நிழல் விழும் இடம் மட்டும் தப்பியிருக்கும். உடல்சூடு இப்படி எல்லை பிரித்து வராது.

எல்லாவற்றையும் 'ஒவ்வாமை' என்பதும் பொருந்தாது. மருந்து ஒளியை உள்வாங்கித் தோல் செல்களை நேரடியாகத் தாக்கினால் அது 'ஒளிநச்சு வினை'. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் இதற்குப் பேர்போனது; ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடாலும் வரும். 'ஒளி ஒவ்வாமை' நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. 1 முதல் 3 நாள் கழித்து அரிப்போடு வரும், துணி மூடிய இடத்துக்கும் பரவலாம். மூட்டுவலிக்குத் தடவும் கீட்டோபுரோஃபென் ஜெல் இந்த வகை. தடவுவதை நிறுத்திய பிறகும் 2 வாரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது.

கிளினிக்கில் மருந்து வாங்கும்போதே, "நான் வெளிக்காட்டு வேலைக்குப் போறவன்" என்று சொல்லிவிடுங்கள். தோல் எரிந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம், மருந்துப் பையோடு போய்க் காட்டுங்கள். பல மருந்துகளுக்கு மாற்று உண்டு. அதுவரைக்கும் நீளக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.