ஊசி குத்துவதற்கு முன் எங்களிடம் சொல்லிவிடுங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு ஏடாகூடமாக வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது லேப்பில் இருக்கும் மெஷினைத்தான். மெஷின் தப்பே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தினமும் காலையில், அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, எண் சரியாக வந்த பிறகுதான் நோயாளிகளின் ரத்தத்தை உள்ளே விடுகிறோம். ஆய்வகத் தவறுகளில் பாதிக்கு மேல், ரத்தம் மெஷினுக்குப் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது என்பது எங்கள் தொழிலில் பழைய சங்கதி. முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டீர்கள், காலையில் எந்த மாத்திரை போட்டீர்கள், எந்தக் கையை நீட்டினீர்கள், குழாயில் யாருடைய பெயர் ஒட்டப்பட்டது, எல்லாம் அதில் அடக்கம். பினாங்கில் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் நான். அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலையில் பசியாறாமல் வாருங்கள் என்றால் நம்மவர்கள் ஒழுங்காகக் கேட்டுக்கொள்கிறார்கள். தகராறு முந்தின இரவில் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்குக் குழம்பை பஞ்சிராக, வெள்ளம் போல ஊற்றச் சொல்லி நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு, காலை 7 மணிக்குக் கிளினிக் வாசலில் நின்றால் 8 மணி நேரக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ரத்தச் சர்க்கரைக்கு அது போதும். ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்புக்குப் போதாது. வெறும் வயிற்றில் அதைப் பார்ப்பதென்றால் 10 முதல் 12 மணி நேரம் வேண்டும். இப்படி வருகிறவரின் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால், தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் தேங்காய்ப்பால் கலந்த மாதிரி கலங்கி நிற்கும். அந்தக் கலங்கல் கொழுப்புக் கணக்கோடு நிற்பதில்லை. ஒளியைப் பாய்ச்சி அளக்கும் வேறு பல பரிசோதனைகளையும் அது குழப்பிவிடும்.

“மிஸ்ஸி, வெறும் கோப்பி ஓ தான் குடிச்சேன், சீனிகூடப் போடல.” இதைக் கேட்காத வாரமே கிடையாது. சீனி இல்லாவிட்டாலும் கோப்பி கோப்பிதான். அதில் உள்ள காஃபின் உடம்பைக் கிளப்பிவிடும், சர்க்கரையும் சில ஹார்மோன்களும் அசையும். தே, மைலோ, வெற்றிலை பாக்கு, சூயிங்கம், சிகரெட் எல்லாம் இதே கணக்கில் சேரும். பச்சைத் தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். இந்த ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வருகிறவரின் நரம்பு ஒளிந்துகொள்ளும். அப்புறம் இரண்டு முறை குத்தினால் எங்களைத்தான் முறைப்பார்கள்.

சரி, மறந்து குடித்துவிட்டீர்கள். என்ன செய்வது? சொல்லிவிடுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். படிவத்தில் ‘சாப்பிட்டிருக்கிறார்’ என்று எழுதினால், மருத்துவர் அந்த எண்ணை அதற்குரிய அளவுகோலில் வைத்துப் பார்ப்பார், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார். மறைத்தால்தான் வினை. தே தாரிக் குடித்த சர்க்கரை, வெறும் வயிற்றுச் சர்க்கரை என்ற பெயரில் உங்கள் கோப்பில் ஏறும். அதை நம்பி மாத்திரை கூடும்.

எல்லாப் பரிசோதனைக்கும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி, இதற்கெல்லாம் சாப்பிட்டுவிட்டே வரலாம். கொழுப்புக்குக்கூடப் பெரும்பாலானவர்கள் பட்டினி இருக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2016-இல் சொல்லிவிட்டது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பப் பார்த்தால் போதும் என்றார்கள். இங்கே பல கிளினிக்குகளில் இன்னும் பழைய முறைதான் நடக்கிறது, ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னபடி செய்யுங்கள். நான் சொல்வது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான். நன்றாக இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் 6 மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, மறுநாள் 11 மணிக்கு ஆடி அசைந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். 17 மணி நேரம்! அது உடம்புக்கு வழக்கமான நிலை கிடையாது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஆபத்தும்கூட. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வியர்த்து, கை நடுங்கி, என் நாற்காலியிலேயே சாய்ந்துவிடுவார்கள். காலை முதல் ஆளாக வாருங்கள். பையில் ஒரு ரொட்டி இருக்கட்டும், ரத்தம் கொடுத்ததும் சாப்பிட.

தைப்பூசத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. விரதம் இருந்து, காவடி தூக்கி, தண்ணீர்மலை படியெல்லாம் ஏறி இறங்கியவர் அந்த வாரமே வந்து ரத்தம் கொடுத்தால், சிகே என்ற தசை நொதி எகிறியிருக்கும். அதோடு ஏஎஸ்டியும் கொஞ்சம் ஏறும். ஏஎஸ்டி தசையிலும் உண்டு, கல்லீரலிலும் உண்டு. காவடி விஷயம் தெரியாத மருத்துவர் கல்லீரலைச் சந்தேகிப்பது நியாயம்தானே? அவசரம் இல்லாத பரிசோதனை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து எடை தூக்குகிற தம்பிகளுக்கும் இதேதான். இன்னொரு ரகம் உண்டு: விரதம் முடிந்த சூட்டோடு வந்து, அழகான கொழுப்பு ரிப்போர்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், வருஷம் முழுக்க அதையே காட்டுகிறவர்கள். கொழுப்பு அப்படி ஏமாறும். ஹெச்பிஏ1சி அவ்வளவு சுலபத்தில் ஏமாறாது, அது இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லும்.

மாத்திரை விஷயம். ரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் போட்டுவிட்டு வாருங்கள். ‘ரத்தம் எடுக்கப் போறோமே’ என்று நிறுத்திவிட்டு, 180-ஐத் தாண்டிய அழுத்தத்தோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் படபடப்பு வருகிறது. இனிப்புநீர் மாத்திரையும் இன்சுலினும் வேறு. சாப்பிடாமல் அவற்றை எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். பெரும்பாலும் கையோடு கொண்டுவந்து, ரத்தம் கொடுத்து, பசியாறும் நேரத்தில் எடுக்கச் சொல்வார்கள். இரவு போடும் இன்சுலினை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு.

மாத்திரைப் பட்டியலில் யாரும் சொல்லாத ஒன்று பயோட்டின். முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று பார்மசியிலும் ஆன்லைனிலும் வாங்கிச் சாப்பிடும் அழகு மாத்திரைகளில் இது ஏகப்பட்ட அளவில் இருக்கும். எங்கள் மெஷின்களில் பலவற்றின் ரசாயன முறையே பயோட்டினைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதுதான். ரத்தத்தில் கூடுதலாக மிதந்தால், தைராய்டு சரியாக இருப்பவருக்கும் தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். இதுபற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் எச்சரிக்கை விட்டது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு வாருங்கள். அளவு அதிகம் என்றால் இன்னும் கூடுதல் நாள். ‘அது மருந்து இல்லியே, வைட்டமின்தானே’ என்று நினைத்து அக்காமார் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஜாமு, மூலிகைப் பொடி, டிக்டாக்கில் பார்த்து வாங்கிய கேப்சூல், எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

எந்தக் கை என்பதும் முக்கியம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் அறுவை) வைத்த கையில் ஊசி குத்தக்கூடாது, பட்டியும் கட்டக்கூடாது, ரத்த அழுத்தமும் பார்க்கக்கூடாது. அவசரத்தில் எங்களில் யாராவது அந்தக் கையைப் பிடித்தால் தயங்காமல் தட்டிவிடுங்கள். சிறுநீரகம் பாதி பழுதானவர்கள், நாளைக்கு ஃபிஸ்டுலா தேவைப்படலாம் என்பதால், அதிகம் பயன்படுத்தாத கையின் நரம்புகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும். புறங்கையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்பக அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் அந்தப் பக்கத்துக் கையை நீட்ட வேண்டாம்.

பெயரைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். “போன மாசம்தான் வந்தேன், மறந்துட்டியாம்மா?” மறக்கவில்லை, ஆண்டி. சரஸ்வதி என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்து வருகிற ஊர் இது. அதனால்தான் முழுப்பெயரையும் ஐசி எண்ணையும் உங்கள் வாயாலேயே சொல்லச் சொல்கிறோம். நாங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் தலையாட்டுவது போதாது. காது மந்தமான தாத்தா எதற்கும் தலையாட்டுவார். குழாயில் ஒட்டும் பெயரை உங்கள் கண் முன்னே ஒட்டுகிறார்களா என்று பாருங்கள், எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள். ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போவதைவிட மோசமான தவறு எங்கள் வேலையில் இல்லை.

ஊசி நேரத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. புது ஊசியை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். கையை மூடி மூடித் திறக்காதீர்கள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், சும்மா மூடி வைத்தாலே போதும். மூன்று நான்கு குழாய் எடுத்தால் ‘எவ்வளவு ரத்தம் போகுது’ என்று கவலைப்படுகிறார்கள். எல்லாம் சேர்ந்து 15 மில்லிலிட்டர் அளவுதான் வரும். ரத்ததானத்தில் எடுப்பது 350 அல்லது 450. முன்பு மயக்கம் வந்திருந்தால் சொல்லுங்கள், படுக்க வைத்து எடுப்போம். முடிந்ததும் முழங்கையை மடக்காமல், நீட்டியபடி பஞ்சை இரண்டு மூன்று நிமிஷம் அழுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் 5 நிமிஷத்துக்குக் குறையாமல். அதே கையில் உடனே பசார் பையைத் தூக்கினால் மறுநாள் நீலம் பாரித்துவிடும்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை இப்போது பரவலாகிவிட்டது. வயதானவர்களுக்கு நல்ல வசதி. ஆனால் சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால், அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். பினாங்குப் பாலத்து நெரிசலில் கார் இரண்டு மணி நேரம் நின்றால் உங்கள் இனிப்புநீர் ரிப்போர்ட்டில் இளைத்துப் போய்விடும்.

ரிப்போர்ட் வந்ததும், அளவு தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறியைத் தேடி எல்லோரும் பதறுகிறார்கள். பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவைத்தான் ‘சரியான அளவு’ என்று அச்சடிக்கிறோம். அப்படியென்றால் நல்ல உடம்புக்காரர் 20 பேரில் ஒருவர் ஒவ்வொரு பரிசோதனையிலும் வெளியே நிற்பார். 30, 40 பரிசோதனை செய்தால் ஒன்றிரண்டு நட்சத்திரம் விழாமல் இருப்பதுதான் அபூர்வம். அப்புறம் யூடியூப். தமிழ்நாட்டு மருத்துவர் ‘சர்க்கரை 100, கொழுப்பு 200’ என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, இங்கே 5.6-ஐயும் 5.2-ஐயும் பார்த்து ‘எனக்கு ரொம்பக் குறைவு’ என்று சந்தோஷப்பட்ட ஆட்கள் உண்டு. அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல் கணக்கு. சர்க்கரையை 18-ஆல், கொழுப்பை 38.7-ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான். ஹெச்பிஏ1சியிலும் ஒரு வித்தியாசம்: உலக சுகாதார நிறுவனம் 6.5-இல் இனிப்புநீர் என்கிறது, மலேசிய வழிகாட்டி 6.3-இலேயே சொல்லிவிடுகிறது. தலசீமியாவோ ரத்தச்சோகையோ உள்ளவர்களுக்கு அந்த எண்ணே தடம் மாறலாம், மருத்துவருக்கு நினைவுபடுத்துங்கள்.

புற்றுநோய்க் குறியீடுகள் சேர்த்த பெரிய பேக்கேஜ்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு அந்தக் காசு வீண். சூலகப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ 125 மாதவிடாய் நேரத்தில்கூட ஏறும். அதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்து, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், ரத்த அணு, சிறுநீர், இவை போதும் பெரும்பாலானவர்களுக்கு. நாட்டில் இனிப்புநீர் விகிதம் நம் இந்தியர்களிடம்தான் அதிகம் என்று 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு காட்டியது, ஆகவே முதலில் அதைப் பாருங்கள். 40 வயது நிரம்பி, எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவி பெறுகிறவர் அல்லது அவருடைய துணைவர் என்றால், 2019-இல் தொடங்கிய அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். அதில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். இது தெரியாமல் பல நூறு வெள்ளி கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

கடைசியாகத் தொலைபேசி எண். பொட்டாசியமோ சர்க்கரையோ ஆபத்தான அளவில் வந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்க மாட்டோம், உடனே மருத்துவரைக் கூப்பிடுவோம், அவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். ஏமாற்று அழைப்புகளுக்குப் பயந்து தெரியாத எண்ணை இப்போது யாரும் எடுப்பதில்லை, அதுவும் புரிகிறது. ரத்தம் கொடுக்கும்போதே கிளினிக் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். படிவத்தில் உங்கள் எண்ணோடு, போனை எடுக்கிற பிள்ளை ஒருத்தருடைய எண்ணையும் எழுதுங்கள். மாற்றி இரண்டு வருஷமான பழைய எண்ணை எழுதாதீர்கள்.