பென்சிலால் எழுதிய வட்டி

52 வயதுக்காரர் ஒருவர் ஓய்வுக்காலக் கணக்கைத் தானே போட்டு, ஒரு நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். சேமிப்பு, ஓய்வு வயது, கடைசியில் கைக்கு வர வேண்டிய தொகை எல்லாம் பேனாவில். வட்டி மட்டும் பென்சிலில். 8 என்று எழுதி அழித்து, 11 என்று எழுதி அழித்து, 15-இல் வந்து நின்றிருந்தது. அப்போதுதான் கடைசித் தொகை பொருந்தியதாம்.

தாமதமாக விழித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் கை வைப்பது இந்த இடத்தில்தான். எனக்கு அது வீண் முயற்சியாகவே படுகிறது. ஒவ்வொரு ஆண்டுக் கடைசியிலும் 100 போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதத்தில் 10 ஆண்டு முடிவில் சுமார் 1,318 சேரும். 9 சதவீதம் கிடைத்தால் 1,519. இந்தக் கூடுதலுக்காக அவ்வளவு ரிஸ்க் எடுக்க வேண்டுமா? 100-க்குப் பதில் 115 போட்டால் 6 சதவீதத்திலேயே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடலாமே! 30 ஆண்டு கையில் இருப்பவருக்குக் கதை வேறு. அதே 3 சதவீதம் அவர் தொகையை 70 சதவீதத்துக்கு மேல் கூட்டிவிடும்.

ஏற்கெனவே ஓரளவு சேர்த்து வைத்தவருக்கு வட்டி கொஞ்சம் முக்கியம்தான். ஆனால் அவருக்கு அடியும் பலமாக விழும். 40 சதவீதம் சரிந்த பணம் பழைய நிலைக்கு வர சுமார் 67 சதவீதம் ஏற வேண்டும். அதுவரை காத்திருக்க வயது இடம் கொடுக்க வேண்டுமே.

சரி, 15 கூடுதலாக எங்கிருந்து வரும்? அவருக்கு ஒரு கடன் தவணை அடுத்த ஆண்டு முடிகிறது. அந்தப் பணம் செலவுக் கணக்குக்குப் பழகுவதற்குள், முடியும் மாதத்திலேயே சேமிப்புக்குத் திருப்பிவிடச் சொன்னேன். சம்பள உயர்விலும் பாதி அப்படியே.

அதைவிடப் பெரிய விஷயம், வேலையில் இன்னும் மூன்று ஆண்டு. அதே 100, அதே 6 சதவீதம், 13 ஆண்டில் 1,888. அந்த மூன்று ஆண்டும் சேமிப்பில் கை வைக்க வேண்டாம் என்பது தனி லாபம். உடல்நிலையும் வேலையும் ஒத்துழைத்தால்தான் இது நடக்கும். அதனால் நடக்காவிட்டால் என்ன என்று இன்னொரு கணக்கும் போட்டோம்.

அடுத்த முறை வந்தபோது நோட்டில் வட்டி 6 என்று பேனாவில் இருந்தது. ஓய்வு வயதுதான் இப்போது பென்சிலில்.